தோணி எலும்பு

அண்ணே,

இன்று காலை கெலிஓயாவிலிருந்து ஒரு தபால்காரர் வந்தார். மழை ஈரத்தில் சைக்கிள் சறுக்கி, வலது கையை நிலத்தில் ஊன்றி விழுந்திருக்கிறார். அவரை உட்கார வைத்துக் கட்டைவிரலை நன்றாக விரிக்கச் சொன்னேன். அப்படி விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில், இரண்டு தசைநார்களுக்கு நடுவே ஒரு சின்னக் குழி விழும். கையை ஊன்றி விழுந்தவர் யாராக இருந்தாலும் நான் முதலில் அந்தக் குழியில்தான் விரலை வைத்து அழுத்துவேன். தபால்காரருடைய குழி முழுக்கப் பழுப்புக் கறை. நன்றாகப் பார்க்கலாம் என்று குனிந்தேன். மூக்குப்பொடி நெடி முகத்தில் அடித்தது. உங்கள் சட்டைப்பையில் எப்போதும் இருந்த அதே நெடி.

தும்மல் வந்தது. தும்மலோடு கண்ணும் கலங்கிவிட்டது. அந்த மனுஷன் பயந்துபோனார்.

"என்னங்கய்யா, கை போயிருச்சுங்களா?"

"கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்க பொடிதான் காரம்" என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் கை உடையவில்லை. வெறும் சுளுக்கு. ஆனால் அந்தச் சொல்லைச் சொல்வதற்கு முன்னால் நான் நாலு தரம் அழுத்திப் பார்த்தேன். ஏன் அப்படிப் பார்த்தேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

மத்தியானம் ஆட்கள் குறைந்ததும் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. செத்தவருக்குக் கடிதம் எழுதுகிறவனை நீங்கள் "விசர்" என்பீர்கள், பைத்தியம் என்று. சொல்லிக்கொள்ளுங்கள். உங்கள் வலது கை போனதற்கு நான்தான் காரணம். இந்த ஒரு வரியை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குப் பத்து வருஷம் போதவில்லை.

நாம் முதலில் சந்தித்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கண்டியில், திருகோணமலை வீதியில், நம் டொக்டரின் டிஸ்பென்சரி. காயத்துக்குக் கட்டுப் போடுகிற வேலையில் நான் அங்கே ஒரு வருஷமாக இருந்தேன். நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியும் குடையுமாக வந்து இறங்கினீர்கள். என்னைவிட இரண்டு வயது கூட. வந்த உடனே வாங்குப் பலகையில் உட்கார்ந்து சின்ன டப்பா ஒன்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தீர்கள். பேச்சுக் கொடுக்கலாமே என்று பக்கத்தில் வந்து, "என்னாண்ணே, பொடியா?" என்றேன். நீங்கள் துள்ளி எழுந்தீர்கள்.

"பொடியோ? எங்கை? ஆர் செத்தது?"

உங்கள் ஊரில் செத்த உடம்புக்குப் பொடி என்று பெயர் என்பது எனக்கு எப்படித் தெரியும்? எங்களுக்குப் பொடி என்றால் மூக்கில் போடுவது. நீங்கள் அதை மூக்குத்தூள் என்பீர்கள். வந்த முதல் நாளே பிணத்தைத் தூக்க விடுகிறார்கள் என்று நினைத்துவிட்டீர்கள். விஷயம் விளங்கியதும் நீங்கள் சிரித்த சிரிப்பில் டொக்டரே உள்ளேயிருந்து எழுந்து வந்து பார்த்தார். அன்றிலிருந்து நான் உங்களுக்கு "ஐசே", நீங்கள் எனக்கு "அண்ணே". என்னை "நீர்" என்று சொல்வதை நீங்கள் கடைசிவரை விடவில்லை. உங்களை "நீங்க" என்பதை நானும் விடவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பிஸ்கட் டின். டொக்டரின் அலுமாரியில், மருந்துப் புத்தகங்களுக்குப் பின்னால் இருந்தது. அதற்குள்ளே செப்புக் கம்பியில் கோத்த ஒரு மனிதக் கை. டொக்டர் படிக்கிற காலத்தில் வாங்கியதாம். யாருடைய கை என்று அவருக்கும் தெரியாது. மூடியைத் திறந்ததும் நான் அந்தக் கையை எடுத்துப் பம்பரம் மாதிரிச் சுழற்றி விளையாடப் பார்த்தேன். நீங்கள் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டீர்கள்.

"மெதுவாய் பிடியும், ஐசே. இது ஆரோ ஒருத்தர் சோறு திண்ட கை."

இருபத்தேழு எலும்பு. விரல்களில் பதினாலு, உள்ளங்கையில் ஐந்து, மணிக்கட்டில் எட்டு. விரலும் உள்ளங்கையும் எனக்கு ஒரே நாளில் வந்துவிட்டன. மணிக்கட்டில் உள்ள எட்டும்தான் உயிரை வாங்கின. கூழாங்கல் மாதிரி இரண்டு வரிசையாக நெருங்கிக் கிடக்கும் அவற்றுக்கு வாயில் நுழையாத பெயர்கள். நீங்கள்தான் தமிழில் பெயர் வைத்தீர்கள். கட்டைவிரல் பக்கத்திலிருந்து முதல் வரிசை: தோணி, பிறை, முக்கோணம், பயறு. அடுத்த வரிசை: பெரிய பலகை, சின்னப் பலகை, தலையன், கொளுக்கி. இந்த எட்டையும் ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே போத்தல் கழுவுவோம்.

தோணிக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு அது கஜுக்கொட்டை, அந்த வளைந்த முந்திரிப்பருப்பு, மாதிரித்தான் இருந்தது.

"நான் தோணியைக் கண்டேனா? நான் கண்டதெல்லாம் கண்டி வாவியில ஓடுற படகு ஒண்ணுதான். கஜுன்னே வைப்போம்ணே."

"கஜுவிலை ஏறி ஊர் போய்ச் சேரேலுமோ? தோணியிலை போகலாம். தோணிதான்."

தோணிதான் என்று முடிந்தது. உங்கள் ஊர்க் கடல் மேல் உங்களுக்கு இருந்த ஏக்கம் அந்த எலும்பில் போய் ஒட்டிக்கொண்டது என்று இப்போது நினைக்கிறேன். அன்று எனக்குத் தோற்றுப்போன கோபம்தான் இருந்தது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்பது உங்களுக்குப் புதுச் செய்தி இல்லை.

எத்தனை கைகளைப் பார்த்தோம்! தேயிலைச் செடிகளை வெட்டுகிற கவ்வாத்துக் காலத்தில் தோட்டங்களிலிருந்து வெட்டுக் காயத்தில் காப்பித்தூளை அப்பிக்கொண்டு வருவார்கள். நான் காயத்தைக் கழுவிக் கட்டிவிட்டு ஆளை அனுப்பப் பார்ப்பேன். நீங்கள் விடமாட்டீர்கள். ஒவ்வொரு விரலையும் தனித்தனியே மடக்கச் சொல்வீர்கள். மடங்காத விரல் இருந்தால் உள்ளே நார் அறுந்திருக்கிறது என்று டொக்டரிடம் ஓடுவீர்கள். நகச்சுற்று வந்த விரலில் எலுமிச்சம்பழத்தைக் குல்லா போட்டுக்கொண்டு வருகிறவர்கள், பந்து பட்டு விரல் நுனி தொங்கிப்போன கல்லூரி மாணவர்கள், பெரஹரா ஊர்வலம் பார்க்க மதிலில் ஏறி விழுந்தவர்கள் என்று நம் வாங்கு காலியாக இருந்த நாளே இல்லை. ஒருமுறை என் சித்தியின் மணிக்கட்டில் ஒரு கட்டி எழும்பியது. எங்கள் ஆட்கள் வழக்கப்படி தடித்த ஜெபப்புத்தகத்தால் ஓர் அடி அடித்தோம், கட்டி அமுங்கிவிட்டது. நீங்கள் தலையில் கை வைத்துக்கொண்டீர்கள்.

"உங்கடை வேதத்திலை இப்பிடியும் ஒரு வைத்தியம் கிடக்கே?"

ஆனால் உங்கள் கையின் அருமை தெரிந்தது மஹியாவைக் குழாயடியில் வழுக்கி விழுந்த பெண்கள் வரும்போதுதான். கையை ஊன்றி விழுந்து, மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்து, முள்ளுக்கரண்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி வளைந்திருக்கும். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் தோளிலிருந்து விரல் நுனிவரை தடவிக் காட்டி, "கைதாங்க வலிக்குது" என்பார்கள். நம் பாஷையில் முழுவதுமே கைதானே. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிற்பீர்கள். நின்ற இடம் ஒருநாளும் தப்பியதில்லை. டொக்டர் மேல் கையைப் பிடித்துக்கொள்வார், நீங்கள் இழுப்பீர்கள். "எத்தினை பிள்ளையள் உங்களுக்கு? மூத்தது என்ன பேர்?" என்று கேட்டுக்கொண்டே இழுப்பீர்கள். அந்த அம்மா மூன்றாவது பிள்ளையின் பெயரைச் சொல்வதற்குள் எலும்பு இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

"மனிசன் விழேக்கை முகத்தைக் காப்பாத்தக் கையைக் குடுக்கிறான். அந்தக் கையை நாங்கள் காப்பாத்திக் குடுக்க வேணும்" என்று ஒருநாள் சொன்னீர்கள். எனக்கு வேகம் இருந்தது. நான் போடுகிற கட்டு அழகாக இருக்கும். உங்களுக்கு இருந்தது வேறு. டொக்டருக்கும் அது தெரிந்திருந்தது. கொழும்பில் அப்போதிக்கரி வகுப்புக்கு, உதவி வைத்தியர் படிப்புக்கு, ஓர் ஆளை அனுப்பலாம் என்று வந்தபோது அவர் யோசிக்கவே இல்லை. உங்கள் பெயரைத்தான் சொன்னார். ஆறு மாதத்தில் புறப்பட வேண்டும் என்றார். எனக்குப் பொறாமையாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. இன்று எதையும் மறைக்கப் போவதில்லை.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். வாரம் ஒருநாள் கடுகண்ணாவையில் ஒரு கடை அறையில் நம் டொக்டரின் கிளை நடக்கும். அந்த மாதம் அவர் சுகமில்லாமல் நுவரெலியாவில் இருந்தார். காயங்களுக்குக் கட்டு மாற்றுவதற்காக நாம் இரண்டு பேரும் மட்டும் ரயிலில் போனோம். இறங்கும்போது நல்ல தூறல். நீங்கள் இடது கையில் மருந்துப் பெட்டியோடு மேடையில் கால் வைத்தீர்கள், பாசி வழுக்கியது. போத்தல்கள் உடையக்கூடாது என்று இடது கையை மேலே தூக்கிக்கொண்டு வலது உள்ளங்கையில் முழு உடம்பையும் கொடுத்தீர்கள். போத்தல் ஒன்றுகூட உடையவில்லை.

கடை அறைக்கு வந்து கையைப் பார்த்தேன். வளைவு இல்லை. வீக்கம் இருந்ததா என்று தேடத்தான் வேண்டும். விரல்கள் எல்லாம் மடங்கின. எனக்கு அது போதுமாக இருந்தது.

"பிசகிருச்சுண்ணே, வேற ஒண்ணுமில்ல. சுளுக்குதான்."

"பிசகு எண்டால் பிழையெல்லே, ஐசே? ஆற்றை பிழை?" என்று வலியோடும் பகிடி விட்டீர்கள். பிறகு முகம் மாறியது. "தோணிப் பக்கமாய்த்தான் நோகுது. ஒருக்கா வடிவாய் அமத்திப் பாருமன்."

நான் பார்க்கவில்லை. வெளியே ஏழெட்டுப் பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் பெரிய ஆள் என்று அவர்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது. "யாழ்ப்பாணத்தாளுக்கு எங்க நொந்தாலும் தோணிதான்" என்று உரக்கச் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். எண்ணெய் தடவி, விரல்களைப் பிடித்து ஓர் இழு இழுத்தேன். உங்களுக்கு வியர்த்துக் கொட்டியது. அழகாக ஒரு கட்டுப் போட்டேன். அதை நாலு நாளில் அவிழ்த்தும் விட்டேன், கை விறைத்துப்போகக் கூடாது என்று.

வலது கையால் அதே வலது கையைத் தடவிப் பார்க்க முடியாது, உங்கள் இடது கை அப்போது பழகியிருக்கவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் உங்கள் வலது கை இருந்தது. உங்களுக்கு நான்தான் இருந்தேன். கொழும்புக்குப் போகிற காலத்தில் கை உடைந்திருக்கிறது என்று நினைக்க உங்களுக்கும் விருப்பம் இருந்திருக்காது. அதை எனக்குச் சாக்காகச் சொல்லவில்லை. நீங்கள் ஒரு தரம் கேட்டீர்கள், நான் அழுத்திப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

இரண்டு கிழமைக்குப் பிறகு இன்னொரு தரமும் கேட்டீர்கள். கேள்வியாக இல்லை, பகிடியாக. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டைவிரலை விரித்து அந்தக் குழியில் மூக்குத்தூளைக் கொட்டி, ஒரே இழுப்பில் இழுப்பது உங்கள் வழக்கம். அன்று டப்பாவை மூடி வைத்துவிட்டீர்கள்.

"ஐசே, மூக்குத்தூள் வைக்கேலாமல் கிடக்கு. அந்தக் குழியிலை தொட்டால் உயிர் போகுது."

"நல்லதாப் போச்சு. இனியாச்சும் அந்தச் சனியனை விட்டுத் தொலைங்க" என்றேன்.

அண்ணே, அந்தக் குழிக்குக் கீழே தோணியைத் தவிர வேறு என்ன இருக்கிறது? எட்டுப் பெயரையும் ராகம் போட்டுச் சொன்னவன் நான். நோய் தன் வாயாலேயே தன் பெயரைச் சொன்னது, நான் அதைப் பகிடியாக எடுத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து நீங்கள் இடது கையில் வைத்து இழுக்கப் பழகினீர்கள்.

டொக்டர் திரும்பி வந்தபோது வலி மங்கியிருந்தது. அந்த எலும்பு அப்படித்தான் ஏமாற்றும். நாலு மாதம் போனது. பிறகு உங்கள் கையிலிருந்து ஒரு போத்தல் விழுந்தது. அடுத்த கிழமை இன்னொன்று. தக்கையைத் திருக முடியவில்லை. ஒரு பெண்ணின் கையை இழுக்கும்போது பாதியில் விட்டுவிட்டீர்கள். டொக்டர் உங்களை உட்கார வைத்து, கட்டைவிரலை விரிக்கச் சொல்லி, நான் அழுத்தாத இடத்தில் அழுத்தினார். நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டீர்கள். கொழும்புக்கு அனுப்பிக் கதிர்ப்படம் எடுத்தார்கள். படம் வந்த அன்று டொக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தோணி நடுவில் இரண்டாக முறிந்திருந்தது. அதற்கு இரத்தம் விரல் பக்கத்து முனை வழியாகத்தான் போகிறது, நடுவில் முறிந்தால் மறுபாதி பட்டினி கிடந்து செத்துவிடும், முதல் நாளே அசையாமல் கட்டிப் பல கிழமை வைத்திருந்தால் ஒட்டியிருக்கும் என்று விளக்கினார். அவர் இங்கிலீசில்தான் பேசுவார். அன்று ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது.

பிறகு அவர் கேட்டார், இதை முதலில் பார்த்தது யார் என்று. நான் கையில் கட்டுத்துணிச் சுருளோடு உங்களுக்குப் பின்னால் நின்றேன். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

"சுளுக்கு எண்டு நினைச்சு நானேதான் எண்ணெய் போட்டனான், சேர்."

படித்த முட்டாள் என்று டொக்டர் உங்களைத் திட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் என் வேலை போயிருக்கும் என்று பயந்தேன். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. கையில்லாதவனைக் கொழும்புக்கு அனுப்ப மாட்டார்கள், அடுத்தது என் பெயர் என்பதும் அந்த நிமிஷத்திலேயே எனக்குத் தெரிந்திருந்தது. அப்படியேதான் நடந்தது.

கண்டி ஸ்டேஷனுக்கு என்னை வழியனுப்ப வந்தீர்கள். கை கொடுக்க இடது கையை நீட்டினீர்கள். "வடிவாய்ப் படியும்" என்று மட்டும் சொன்னீர்கள். கொழும்பில் வாய்மொழிப் பரீட்சையில் ஒரு துணிப்பையிலிருந்து ஓர் எலும்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்கள். பார்க்காமலே தெரிந்தது, தோணி. அது முறிந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, சுளுக்குப் போலவே இருக்கும், கட்டைவிரல் அடியில் உள்ள குழியை அழுத்திப் பார்த்தால்தான் காட்டிக்கொடுக்கும் என்று மளமளவென்று சொன்னேன். அனுபவப்பட்டவன் மாதிரிச் சொல்கிறாய் என்று பாராட்டினார்கள். வெளியே வந்து சுவரோரம் நின்று வாந்தி எடுத்தேன்.

நான் திரும்பி வந்தபோது நீங்கள் பிலிமத்தலாவையில் றோட்டோரமாக ஒரு மருந்துக்கடை போட்டிருந்தீர்கள். கலியாணமும் முடிந்திருந்தது. மருந்தை நீங்கள் இடது கையால் அளந்து ஊற்றுவீர்கள், அண்ணி தக்கையைத் திருகி மூடுவார். சுற்றுகிற நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு முடிச்சுப் போடுவீர்கள். விழுந்தவர்கள் உங்களிடமும் வந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு இடது விரல்களால் தடவி, உடைந்த இடத்தைச் சொல்லி, என்னிடம் அனுப்புவீர்கள். நான் இழுத்துக் கட்டுவேன். உங்கள் சீட்டில் குறித்த இடம் ஒருநாளும் தவறவில்லை. எழுத்து மட்டும் சிறுபிள்ளை எழுத்து மாதிரிக் கோணலாக இருக்கும். 

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உங்களிடம் வருவேன். இன்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் பஸ் ஏறுவேன். கதிரையைப் போட்டுக் கடை வாசலில் உட்காருவோம். மழை, தேயிலை, உங்கள் மாமனாரின் வழக்கு, என் மகளின் முதல் நன்மைப் பூசை என்று எல்லாம் பேசுவோம். பஸ் வருகிற சத்தம் கேட்டதும் நீங்கள் எழுந்து நின்று, "வேறை என்ன, ஐசே?" என்று கேட்பீர்கள். "வேற ஒண்ணுமில்லண்ணே" என்று சொல்லிவிட்டு ஏறிவிடுவேன். எல்லோரும் கேட்கிற கேள்விதான், எல்லோரும் சொல்கிற பதில்தான். பத்து வருஷம் அப்படியே போனது.

கோயிலில், பாவசங்கீர்த்தனத்தில், சொன்னேன். முழங்காலில் நின்று, ஒருவர் கையைக் கெடுத்தேன், அவர் இடத்தையும் எடுத்துக்கொண்டேன் என்று சொன்னேன். சுவாமியார் மன்னிப்புக் கொடுத்தார். ஜெபங்கள் சொல்லச் சொன்னார், அவரிடமும் போய்ச் சொல் என்றார். ஜெபங்களை மட்டும் சொன்னேன்.

பிறகு அந்தக் காய்ச்சல். ஒன்பதே நாள். செய்தி வந்து நான் ஓடி வந்தபோது வாசலில் உங்கள் சொந்தக்காரர் ஒருவர், "பொடி எத்தினை மணிக்கு எடுக்கினம்?" என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்கப் போய்த்தான் அழுதேன். உங்கள் இரண்டு கைகளையும் நெஞ்சில் சேர்த்து வைத்திருந்தார்கள். வலது கட்டைவிரலின் அடியில் சதை வற்றிப் போயிருந்தது. அந்தக் கையைத் தொட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்தேன். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு அண்ணி கடையின் பின் வாசலில் வெற்றிலைத் தட்டை ஒதுக்கிக்கொண்டிருந்தார். இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. நின்றபடியே சொன்னேன்.

"அண்ணி, அண்ணனோட கையைக் கெடுத்தது நான்தான். சுளுக்குன்னு சொன்னது நான். எண்ணெய் போட்டு இழுத்தது நான். டொக்டரு கேட்டப்ப அண்ணே தன்மேல போட்டுக்கிட்டாரு. நான் பேசாம நின்னேன். அவருக்குக் கிடைக்க வேண்டிய படிப்பைத்தான் நான் படிச்சேன்."

அண்ணி அழவில்லை. கோபிக்கவும் இல்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஓம், தெரியும். கலியாணம் முடிச்ச முதல் கிழமையே சொன்னவர்."

"அப்புறம் ஏன் அண்ணே என்கிட்ட ஒரு வார்த்தை..."

"நீங்களே சொல்ல வேணும் எண்டு இருந்தவர். தான் கேட்டால் நீங்கள் ஒடிஞ்சு போவியளாம். நீங்கள் பஸ்ஸிலை ஏறிப் போனாப் பிறகு உள்ளுக்கு வந்து ஒவ்வொரு முறையும் ஒண்டைத்தான் சொல்லுவார்."

"என்ன சொல்வாரு?"

"'பாவம், இண்டைக்கும் சொல்லேல்லை.'"

பாவம் என்ற சொல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். சுவாமியாரின் காதில் நான் சொன்னது அதைத்தான். அவர் அதை மன்னித்துவிட்டார். அதே சொல்லை நீங்கள் மாதா மாதம் என்மேல் இரக்கப்பட்டுச் சொல்லியிருக்கிறீர்கள். கையை இழந்து நின்ற நீங்கள், அதை எடுத்துக்கொண்டு போன என்னைப் பார்த்து. செய்த பிழையைச் சுமக்க நான் எப்படியோ பழகியிருந்தேன். இதைச் சுமக்கத்தான் தெரியவில்லை. என்னிடம் வருகிற ஒவ்வொரு கையிலும் அந்தக் குழியை அழுத்தும்போது, யாரோ கடை வாசலில் எழுந்து நின்று நான் வாயைத் திறப்பேன் என்று பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கிறது.

அண்ணே, இன்றைக்குச் சொல்லிவிட்டேன்.